மாடல் ராக்கெட்டுக்கு எந்த மோட்டார்? கடைசி எண்ணிலிருந்து தொடங்குங்கள்

டெக்ஸாஸில் ஆஸ்டின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர், ஏழாவது படிக்கும் மகளோடு சேர்ந்து எஸ்டெஸ் கம்பெனியின் ஆல்ஃபா 3, பிக் பெர்த்தா என்று இரண்டு மாடல் ராக்கெட் கிட் ஒட்டி முடித்திருக்கிறார். ஏ, பி, சி என்று அடுக்கியிருந்ததில் சி பெரியதாகத் தெரிந்ததால் சி6-7, சி6-0 என்று இரண்டு பாக்கெட் மோட்டார், அதாவது ராக்கெட்டைத் தள்ளும் மருந்து அடைத்த குழாய்கள், வாங்கிவிட்டார். எதை எதில் போடுவது, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் விடலாமா, டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மதுரையில் இருக்கும் அண்ணன் மகனுக்கு நாலைந்து மோட்டார் எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார். மூன்று கேள்வியாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எழுத்து பெரிதானால் மோட்டாரும் மேலானதுதானே? அப்படி இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் பல வருடமாக இருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களுக்கும் வழிகாட்டியாக இருக்கிறேன். உடைந்து கீழே வரும் ராக்கெட்டுகளில் பெரும்பாலானவை சக்தி குறைந்ததால் உடைவதில்லை. பாராசூட் தவறான நேரத்தில் திறந்ததால் உடைகின்றன. அதைத் தீர்மானிப்பது அந்தக் குறியீட்டின் கடைசி எண். ஆனால் எல்லோரும் பார்ப்பது முதல் எழுத்தை.

முதலில் குறியீட்டைப் படித்துவிடலாம். எழுத்து சொல்வது மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு, அதாவது எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் தள்ளியது என்பதன் கூட்டு. ஏ என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, பி 5 வரை, சி 10 வரை, டி 20 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச வரம்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஏயிலிருந்து சி என்பது பார்வைக்கு இரண்டு படி, சக்தியில் நாலு மடங்கு. அடுத்து வரும் எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கோட்டுக்குப் பின்னால் வருவது டிலே: மருந்து எரிந்து முடிந்த பிறகு எத்தனை நொடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும் சார்ஜ் வெடிக்கும் என்பது. கிளம்பியதிலிருந்து எண்ணக் கூடாது, எரிந்து முடிந்ததிலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு சி6-5 மோட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், கனமாகச் சுற்றிய காகிதக் குழாய். ஒரு முனையில் களிமண்ணை அழுத்திச் செய்த நாசில், அதாவது நெருப்பு வெளியேறும் குறுகிய வாய். அதன் துளைக்குள் பார்த்தால் கருமருந்து தெரியும், சுமார் 11 கிராம். அது எரிந்து தீர்ந்ததும் நெருப்பு அடுத்த அடுக்குக்குப் போகும். அந்த அடுக்கு தள்ளாது, மெதுவாகப் புகைவிட்டுக்கொண்டு எரியும். அதுதான் டிலே. ராக்கெட் தன் வேகத்திலேயே மேலே ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. டிலே முடிந்ததும் மேல்முனையில் இருக்கும் சிறு எஜெக்‌ஷன் சார்ஜ் முன்பக்கமாக வெடித்து மூக்குக் கூம்பையும் பாராசூட்டையும் வெளியே தள்ளும். இத்தனையும் ஒரு காகிதக் குழாய்க்குள், மின்னணு எதுவும் இல்லாமல் நடக்கிறது. நெப்ராஸ்காவின் நார்ஃபோக்கில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1950களின் நடுவில் இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தார். 1957-இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்த பிறகு, பையன்கள் வீட்டு அடித்தளத்தில் தாங்களே மருந்து கலந்து கை விரல்களை இழந்துகொண்டிருந்த காலம் வந்தது. தயாரித்து அடைத்த மோட்டார் வந்ததால்தான் இது குழந்தைகளோடு செய்யக்கூடிய பொழுதுபோக்கானது. கார்லைலோடு சேர்ந்து அதைப் பரப்பியவர் ஜி. ஹாரி ஸ்டைன். அதை இயந்திரத்தில் பெருவாரியாகச் செய்து காட்டியவர் வெர்ன் எஸ்டெஸ். கொலராடோவின் பென்ரோஸிலிருந்து இன்றும் அந்தப் பெயரில் மோட்டார்கள் வருகின்றன.

சரி, உங்கள் சி6-0 பாக்கெட்டுக்கு வருகிறேன், அதுதான் அவசரம். அதைத் தனியாக வைத்து உங்கள் இரண்டு ராக்கெட்டில் எதிலும் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் உடனே பாராசூட் திறக்கும் என்று அர்த்தமில்லை. அதில் டிலேயும் இல்லை, எஜெக்‌ஷன் சார்ஜும் இல்லை. இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்காகச் செய்தது அது. மருந்து எரிந்து முடியும்போது நெருப்பு மேல்பக்கமாகப் பீறிட்டு மேலடுக்கு மோட்டாரைப் பற்றவைக்கும். ஒற்றை அடுக்கில் போட்டால் ராக்கெட் அழகாக ஏறும், அப்புறம் பாராசூட் இல்லாமல் மூக்கைக் கீழே வைத்து நேராக விழும். எஸ்டெஸ் இதற்கு நிறம் வைத்திருக்கிறது: ஒற்றை அடுக்குக்குப் பச்சை, கீழடுக்குக்குச் சிவப்பு, மேலடுக்குக்கு ஊதா. பாக்கெட்டைக் கடைக்காரர் மாற்றித் தந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சி6-7 வேறு கதை. ஆல்ஃபா 3 காலியாக 35 கிராம் பக்கம்தான் வரும், மெல்லிய உடம்பு. சி6 போட்டால் ஆயிரம் அடிக்கு மேல் போய்விடும், மேலே ஏறும் நேரமும் அதிகம். அதற்கு 7 நொடி பொருந்தும். பிக் பெர்த்தா 70 கிராமைத் தாண்டும், உடம்பு 4 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். அதே சி6 மோட்டாரில் அது 500 அடியைத்தான் தொடும், காற்று அவ்வளவு பிடிக்கிறது. எரிந்து முடிந்து நாலு நொடியில் உச்சிக்கு வந்துவிடும். நீங்கள் சி6-7 போட்டால் அதற்குப் பிறகும் மூன்று நொடி அது தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும். மூன்று நொடியில் வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டிருக்கும். அந்த வேகத்தில் பிளாஸ்டிக் பாராசூட் விரிந்தால் கயிறு அறுந்து பாராசூட் தனியாக, ராக்கெட் தனியாக வரும். இல்லாவிட்டால் மூக்குக் கூம்பை உடம்போடு கட்டியிருக்கும் ஷாக் கார்டு இழுபட்டு, காகிதக் குழாயின் வாயைக் கத்திபோலக் கிழித்துக்கொண்டு இறங்கும். இதற்கு ‘ஸிப்பர்’ என்று பெயர், எந்தக் களத்துக்குப் போனாலும் ஒன்றிரண்டு பார்க்கலாம். டிலே குறைவாக இருந்தாலும் இதே கதிதான், அப்போது ராக்கெட் மேலே பாய்ந்துகொண்டிருக்கும்போதே பாராசூட் வெளியே வரும். பொதுவாகச் சொன்னால் கனமான, தடித்த ராக்கெட்டுக்குக் குறைந்த டிலே, எடை குறைந்த மெல்லிய ராக்கெட்டுக்கு நீண்ட டிலே. எஸ்டெஸ் தன் பட்டியலில் ஒவ்வொரு மோட்டாருக்கும் கிளம்பும் எடை எவ்வளவு வரை இருக்கலாம் என்று கொடுத்திருப்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். சி6-5க்கு 113 கிராம், சி6-7க்கு 70 கிராம் சொச்சம். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான், தள்ளுவதும் ஒரே அளவுதான். வரம்பு மட்டும் ஏன் இறங்குகிறது என்றால், எடை கூடினால் 7 நொடி வரை காத்திருக்க ராக்கெட்டுக்கு உயரம் போதாது. கிளம்பும் எடை என்றால் மோட்டார், பாராசூட், பெயிண்ட் எல்லாம் சேர்த்து. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பெயிண்டைத் தாராளமாக அடித்திருப்பார்கள், பெட்டியில் போட்ட எடையை நம்ப வேண்டாம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கணத்தாக்கு எழுத்தை நீங்கள் நம்பலாம், ஒவ்வொரு வகை மோட்டாரும் சோதித்துச் சான்று பெற்ற பிறகுதான் விற்பனைக்கு வருகிறது. நடு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சி6 என்று அச்சடித்திருந்தாலும் அளந்து பார்த்தால் சராசரி 4.7 நியூட்டன் பக்கம்தான் வருகிறது. கிளம்பும்போது ஒரு கணம் 14 நியூட்டன் வரை எகிறி, அப்புறம் இறங்கி நிதானமாக எரியும். அந்த முதல் எகிறல்தான் ராக்கெட்டை, அது நேராகக் கிளம்ப மாட்டி வைக்கும் ஏவும் கம்பியிலிருந்து கிளப்புகிறது. டிலே எண்ணோ இன்னும் தளர்வானது. 5 நொடி என்று போட்டது நாலிலும் வெடிக்கலாம், ஆறிலும் வெடிக்கலாம், அந்த அளவு வித்தியாசத்தைத் தர விதிகளே அனுமதிக்கின்றன. அதனால் ஓபன்ராக்கெட் போன்ற இலவச மென்பொருளில் கணக்குப் போட்டு 4.3 நொடி சரியாக வருகிறது என்று யாராவது சொன்னால் அந்தத் தசமத்துக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். நாலா ஆறா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் வந்தால் நான் குறைந்த டிலேயைத்தான் எடுப்பேன். உச்சிக்குச் சற்று முன்னால் திறந்தால் ராக்கெட் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கும், நிலத்துக்கு மேலே உயரமும் மிச்சம் இருக்கும்.

ஆகக் குறைந்த உந்துவிசை எவ்வளவு வேண்டும்? களத்தில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு, சராசரி உந்துவிசை ராக்கெட்டின் எடையைப்போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது. 100 கிராம் ராக்கெட்டின் எடை கிட்டத்தட்ட 1 நியூட்டன், ஆகவே 5 நியூட்டன். பிக் பெர்த்தா சி6-5 மோட்டாரோடு இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. இதற்குக் காரணம் உயரம் அல்ல. ராக்கெட்டை நேராக வைத்திருப்பது வால் துடுப்புகள், அவற்றுக்கு வேலை செய்யக் காற்று வேகமாக ஓட வேண்டும். மெதுவாகப் போகும் சைக்கிள் தள்ளாடுவதுபோல மெதுவாகக் கம்பியை விடும் ராக்கெட்டும் தள்ளாடி, காற்றடிக்கும் பக்கமாகத் திரும்பிவிடும். மூன்றடிக் கம்பியை விடும்போது நொடிக்கு 13 முதல் 15 மீட்டர் வேகம் இருந்தால் நிம்மதி. அதனால் காற்று இருக்கும் நாளில் பிக் பெர்த்தாவுக்கு சி5-3 போன்ற, தொடக்கத்தில் பலமாக உதைக்கும் மோட்டார் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

மைதானம் பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் எழுத்துக்கு உண்மையான வேலை. அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி மைதானத்தின் குறுகிய பக்கம் ஏ மோட்டாருக்கு 100 அடி, பிக்கு 200, சிக்கு 400, டிக்கு 500 அடியாவது இருக்க வேண்டும். இது ஆகக் குறைந்தது, காற்றடித்தால் போதாது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பாராசூட்டில் நொடிக்கு 4 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 300 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 75 நொடி. காற்றும் நொடிக்கு 4 மீட்டர், அதாவது முகத்தில் இதமாகப் படும் காற்று, என்றால் ராக்கெட் 300 மீட்டர் தள்ளிப் போய் விழும். பள்ளி மைதானத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, யாரோ வீட்டுக் கூரை மேல். ஆல்ஃபாவை சி6-7 போட்டு விட்டால் நடக்கப்போவது இதுதான். மகள் மாதக்கணக்கில் ஒட்டிப் பெயிண்ட் அடித்தது ஒரே ஏவலில் காணாமல் போய்விடும். முதல் தடவை ஆல்ஃபாவுக்கு ஏ8-3, எடை கூடிய பிக் பெர்த்தாவுக்கு பி4-2 வாங்குங்கள். சில நூறு அடிதான் போகும், ஆனால் கிளம்புவது, உச்சிக்கு வருவது, பாராசூட் விரிவது, இறங்குவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். ஆடாமல் நேராகப் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அப்புறம் பி6-4. சி பெரிய திடலுக்கு. பாராசூட்டின் நடுவில் சிறு வட்டமாக ஒரு துளை வெட்டினாலும் காற்றில் போகும் தூரம் குறையும். பள்ளியில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள், கேட்காமல் போய் விடாதீர்கள்.

டெக்ஸாஸில் இருப்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். கோடையில் உங்கள் கவுண்டியில் தீ மூட்டத் தடை அறிவித்திருக்கிறார்களா என்று கிளம்புமுன் பாருங்கள். தடை இருந்தால் ராக்கெட்டை வீட்டிலேயே வையுங்கள். தடை இல்லாத நாளிலும் ஏவும் கம்பியின் அடியில் உலோகத் தட்டு இருக்க வேண்டும், சுற்றிக் காய்ந்த புல் இருக்கக் கூடாது, ஒரு வாளித் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

பற்றவைப்பதில்தான் புதியவர்கள் சோர்ந்து போகிறார்கள். பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பத்தில் எட்டு முறை காரணம், மின்சாரத்தில் சூடாகி மோட்டாரைப் பற்றவைக்கும் மெல்லிய ஸ்டார்ட்டர் கம்பியின் நுனி மருந்தைத் தொடாததுதான். மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, நாசில் துளைக்குள் கம்பியை இறக்குங்கள். நுனி கெட்டியாக எதிலோ முட்டுவது விரலுக்குத் தெரிய வேண்டும். பாதியில் நின்றால் எடுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள், திணிக்க வேண்டாம். முட்டிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் பிளக்கை அழுத்திச் செருகுங்கள். வெளியே வரும் இரண்டு கால்களையும் இரண்டு பக்கமாக வளைத்து விடுங்கள், ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் நுனிக்கே போகாது. முதலைக் கிளிப்புகளின் பல்லில் கரி படிந்திருக்கும், உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பாதுகாப்புச் சாவி எப்போதும் உங்கள் பாக்கெட்டில், மகள் கிளிப் மாட்டும்போது கட்டாயமாக. 15 அடி தள்ளி நின்று, சத்தமாக ஐந்திலிருந்து எண்ணி அழுத்துங்கள். பற்றவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு 60 நொடி யாரும் பக்கத்தில் போகக் கூடாது. குழந்தை ஓடத்தான் பார்க்கும், பிடித்து நிறுத்துங்கள்.

பாராசூட்டுக்குக் கீழே வைக்கும் வாடிங், தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய தாள். தீர்ந்துவிட்டது என்று சாதாரண டிஷ்யூவை வைத்தால் எஜெக்‌ஷன் சார்ஜில் பற்றிக்கொண்டு எரிந்தபடியே புல்லில் விழும். மோட்டாரைப் பிடிக்கும் உலோகக் கொக்கி சரியாக மடங்கி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது விலகியிருந்தால் சார்ஜ் வெடிக்கும்போது மோட்டார் பின்பக்கமாகப் பறந்துவிடும், பாராசூட் உள்ளேயே இருக்கும்.

மோட்டாரைக் காரின் டிக்கியில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கருமருந்து கட்டியும் காகிதக் குழாயும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து இரண்டுக்கும் நடுவில் விரிசல் விழுந்தால் நெருப்பு அந்த இடுக்கில் நுழைந்து மருந்து முழுவதும் ஒரே நொடியில் எரியும், மோட்டார் வெடிக்கும். டி, ஈ போன்ற பெரிய கருமருந்து மோட்டார்களில் இது அதிகம். இத்தனை முறை சூடானால் கெட்டுவிடும் என்று எண்ணிக்கை சொல்ல யாராலும் முடியாது, வெளியே பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வீட்டுக்குள், குளிர்ந்த உலர்ந்த அலமாரியில் வைப்பதே வழி. அப்படி வைத்தால் பல வருடம் இருக்கும். கீழே விழுந்து நசுங்கிய மோட்டாரையும் பயன்படுத்த வேண்டாம்.

மகளுக்கு ஆர்வம் நிலைத்தால் அடுத்தது காம்போசிட் மோட்டார்கள். கருமருந்துக்குப் பதில் அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிசினில் கலந்து செய்தவை, அதே எடைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் உந்தும். ஏரோடெக் கம்பெனியின் மோட்டார்கள் இந்த வகை. ஸ்டார்ட்டரை நாசில் அருகே வைத்தால் இவை சரியாகப் பற்றாது, நடுத் துளை வழியே மேல்முனை வரை விட வேண்டும், பேட்டரியும் 12 வோல்ட் வேண்டும். எஃப், ஜி அளவில் அலுமினியக் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே மருந்தை மட்டும் மாற்றும் முறையும் உண்டு. அதை முதல் தடவை அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூட்டுங்கள், கசிவைத் தடுக்கும் ஓர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) விட்டுப்போனாலும் கூடு கருகிவிடும். எச் எழுத்திலிருந்து சான்றிதழ் இல்லாமல் வாங்க முடியாது, வாங்குபவருக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். எச், ஐ முதல் நிலை. ஜே, கே, எல் இரண்டாம் நிலை, அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம்மிலிருந்து மேலே மூன்றாம் நிலை. என் அனுபவம் இரண்டாம் நிலையோடு நிற்கிறது, அதற்கு மேல் யோசனை கேட்டால் அந்த நிலையில் பறக்கவிடுபவர்களிடம்தான் அனுப்புவேன். ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர் குழுக்களுக்கு நடக்கும் அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச் என்ற போட்டி. குறித்த உயரத்துக்கு, குறித்த நேரத்துக்குள் பச்சை முட்டையை உடையாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும். சரியான மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு நுணுக்கம் என்று அதில் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக மதுரை. எடுத்துப் போகாதீர்கள். மாடல் ராக்கெட் மோட்டாரைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியிலும் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பின் விதி. பாக்கெட்டைப் பிரித்து வைத்தாலும் அது வெடிமருந்துதான், ஸ்கேனரில் சிக்கினால் பயணமே நின்றுவிடும். அந்தப் பக்கம் இறங்கினாலும் இந்தியாவில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன, உரிமம் இல்லாமல் வெடிபொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. மோட்டார் இல்லையே என்று அண்ணன் மகன் தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து அதன் மருந்தை இதில் அடைக்க நினைத்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். இந்த மோட்டார்கள் வந்ததே அப்படிப்பட்ட விபத்துகளை நிறுத்தத்தான். மோட்டார் இல்லாத கிட்டைத் தாராளமாக எடுத்துப் போகலாம். ஓபன்ராக்கெட்டை அவன் கணினியில் போட்டுக் கொடுங்கள், துடுப்பின் அளவை மாற்றினால், எடையைக் கூட்டினால், ஏ8-3க்குப் பதில் பி6-4 போட்டால் என்ன ஆகும் என்று அங்கிருந்தே பார்க்கலாம். பறக்கவிட ஆசையாக இருந்தால் சோடா பாட்டில், சைக்கிள் பம்ப், தண்ணீர் வைத்துச் செய்யும் ராக்கெட் இருக்கிறது. அதிலும் துடுப்பு, எடை, பாராசூட் திறக்கும் நேரம் எல்லாம் இதே கணக்குதான், மொட்டைமாடியில் மட்டும் வேண்டாம், திறந்த மைதானத்தில் விடச் சொல்லுங்கள்.